டோல்கேட்டுக்குத் தெற்கே வெட்டிய பள்ளம்

1. முதல் நாள்

டோல்கேட்டில் நான் வேலைக்குச் சேர்ந்த அன்று, வெயில் ஏறுவதற்குள் முன்பின் தெரியாத ஆட்கள் என் தாயையும் தகப்பனையும் திட்டிவிட்டுப் போனார்கள். மாலைக்குள் அது பழகிவிட்டது. ரோட்டின் குறுக்கே ஒரு மரத்தைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பவனை யாரும் வாழ்த்த மாட்டார்கள்.

பூந்தமல்லி ரோட்டில், கரையான்சாவடிக்கும் வேலப்பன்சாவடிக்கும் நடுவே அந்த கேட் இருந்தது. வெள்ளைக்காரன் காலம். ரோடு ஜில்லா போர்டுடையது. ரோட்டைப் பழுது பார்க்கும் செலவுக்காக வண்டிகளிடம் சுங்கம் வாங்கும் உரிமையும் போர்டுடையது. ஆனால் போர்டு நேரடியாக வசூல் செய்யாது. கேட்டை வருஷா வருஷம் ஏலம் விடும். ஏலத்தில் எடுத்தவர் போர்டுக்குத் தவணை தவணையாகக் கிஸ்தி கட்டவேண்டும். அதற்குமேல் வசூலானால் அவருக்கு லாபம், குறைந்தால் அவர் தலையில் துண்டு. பட்டணத்தை விட்டு எந்தப் பக்கம் போனாலும் இப்படி ஒரு கேட் குறுக்கே நிற்கும்.

எங்கள் கேட்டை எடுத்திருந்தவர் சுந்தரமூர்த்தி. ஏலத்தில் போட்டிக்கு நின்றவர்மேல் இருந்த வீம்பில், கட்டுபடியாகாத தொகைக்குக் கேட்டு எடுத்துவிட்டார் என்று ஊரில் பேச்சு. நான் கேட் ரைட்டர். சீட்டு கிழித்துக் கொடுத்துச் சுங்கம் வாங்குவது என் வேலை. மரத்தைத் தூக்கி இறக்குவது பாளையத்தின் வேலை. பாளையம் என்னைவிட மூத்தவர், அதிகம் பேசமாட்டார். வண்டிக்காரர்கள் ஏசினால், மரத்தைத் தூக்கியபடி, “போ நைனா, மாடு நிக்குது பாரு” என்று மட்டும் சொல்வார்.

அவருடைய தங்கை கன்னியம்மாளை மாங்காட்டில் கட்டிக்கொடுத்திருந்தார். அவள் புருஷன் எல்லப்பன் மல்லிகைத் தோட்டம் ஒன்றைக் குத்தகைக்குப் பயிரிட்டுவந்தார். காலையில் பறித்த மொக்கைக் கூடை கூடையாக ஏற்றிக்கொண்டு மத்தியானம் எங்கள் கேட்டைத் தாண்டிப் பட்டணத்துக்குப் போவார். மொக்கு விரிவதற்குள் போய்ச் சேர்ந்தால்தான் விலை. எவ்வளவு அவசரமானாலும் கேட்டில் வண்டியை நிறுத்தி, சுங்கம் கொடுத்து, சீட்டு வாங்கிக்கொண்டுதான் போவார்.

“மச்சான் கேட்டுல நிக்கசொல்லோ நான் திருட்டு வழில போனா, நாளிக்கி அவுரு மூஞ்சில எப்டி முழிக்கிறது?” என்பார்.  எல்லப்பன் வண்டி வரும்போது மட்டும் பாளையம் மரத்தை மெதுவாக, முழு உயரத்துக்குத் தூக்குவார்.

2. ஏரி வழி

எல்லப்பன் சொன்ன திருட்டு வழி ரோட்டுக்குத் தெற்கே இருந்த ஏரிக்குள் போயிற்று. கோடையில் ஏரி வற்றினால், கேட்டுக்கு மேற்கே ரோட்டை விட்டு இறங்கி, ஏரிக்குள்ளேயே போய், கேட்டுக்குக் கிழக்கே மறுபடி ரோட்டில் ஏறிவிடலாம். முதலில் இரண்டொரு வண்டிகள் அப்படிப் போயின. அந்த வருஷம் மழை பொய்த்து ஏரி சீக்கிரம் காய்ந்துவிட்டது. அரிசி வண்டி, விறகு வண்டி, வைக்கோல் வண்டி எல்லாம் ஏரிக்குள் இறங்கின. நானும் பாளையமும் கேட்டில் உட்கார்ந்து, தூரத்தில் எழும்பும் புழுதியைப் பார்த்துக்கொண்டிருப்போம்.

சுந்தரமூர்த்தி ஒரு நாள் ஜட்கா வண்டியில் வந்து இறங்கி அந்தப் புழுதியைப் பார்த்தார்.

“டேய் பாளையம், அவனுங்க இன்னா சாமி ஊர்வலமா போறானுங்க? நம்ம கேட்டு இன்னாத்துக்குடா கீது?”

“சொன்னா கேக்க மாட்றானுங்க மொதலாளி.”

“சொல்லாத. வெட்டு. வண்டித்தடத்துக்குக் குறுக்கால, அந்த ஒத்தைப் பனமரம் வரைக்கும் பள்ளம் வெட்டிப்புடு. வண்டிச் சக்கரம் ஏறக்கூடாது.”

நான் குறுக்கே பேசினேன். “ஏரி சர்க்கார் சொத்து. அதில் நாம் பள்ளம் வெட்டினால் யாராவது கேட்பார்கள். மழை வந்து தண்ணீர் நின்றால் பள்ளம் இருப்பதே தெரியாது.”

“கிஸ்தி கட்டுன்னு போர்டு ஆபீஸ்ல என் கழுத்துல துண்டு போடறான். நீயா வந்து கட்டப்போற?” என்றார் என்னிடம்.

பாளையம் தலையைச் சொறிந்தார். “மொதலாளி, ஒரு சீட்ல எழுதிக் குடுங்க. யார்னா கேட்டா காட்டுவேன்.”

சுந்தரமூர்த்திக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “படிக்கத் தெரியாதவனுக்குச் சீட்டு ஒரு கேடா? இஷ்டமிருந்தா வெட்டு. இல்லாங்காட்டி ஊட்டுக்குப் போ. மரம் தூக்க ஆளா இல்ல?”

பாளையம் வெட்டினார். சேரியிலிருந்து இன்னும் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டுவந்து, இடுப்பளவு ஆழத்துக்கு வெட்டினார். முடிந்ததும் அடையாளத்துக்கு முள்ளை வெட்டிப் பள்ளத்தின் இரண்டு ஓரத்திலும் நட்டுவைத்தார். மாங்காட்டுக்குப் போய், “பனமரம் வரைக்கும் பள்ளம் கீது, தெர்ஞ்சவங்களுக்கெல்லாம் சொல்லிடு” என்று எல்லப்பனிடமும் சொல்லிவிட்டு வந்தார்.

சில நாள் எல்லா வண்டியும் கேட்டுக்கு வந்தது. பிறகு வண்டிக்காரர்கள் பனைமரத்தைச் சுற்றிக்கொண்டு போகப் பழகிவிட்டார்கள். சுந்தரமூர்த்தி மறுபடி வந்தார். பனைமரத்துக்கு அப்பாலும், ஏரிக்கரை வரைக்கும் பள்ளத்தை நீட்டச் சொன்னார். முள் எங்கே முடிகிறது என்று பார்த்துத்தான் சுற்றிப் போகிறார்கள் என்று, நட்டிருந்த முள்ளையும் பிடுங்கச் சொல்லி, கூடவே நின்று பிடுங்கவைத்தார். பள்ளத்தை நீட்டி முடித்த அன்று மாலையே வானம் கறுத்தது; பாளையத்தால் மாங்காட்டுக்குப் போய்ச் சொல்ல முடியவில்லை. கோடை மழைதான், ஆனால் விடாமல் பெய்தது. ஏரி முழுக்க முழங்கால் அளவுக்குச் செந்நீர் நின்றது. பள்ளம் எது, தரை எது என்று பார்த்தால் தெரியவில்லை.

3. பஸ் நின்ற நாள்

அடுத்த நாள் மத்தியானம், பட்டணத்திலிருந்து வந்த பஸ் ஒன்று அச்சு முறிந்து கேட்டுக்கு அடியிலேயே உட்கார்ந்துவிட்டது. மழையில் ரோட்டின் இரு ஓரமும் சேறு. ஒரு கைவண்டிகூட ஒதுங்கிப் போக வழியில்லை. கரையான்சாவடி வரைக்கும் வண்டிகள் நின்றுவிட்டன. டிரைவரும் பாளையமும் நானும் மற்றவர்களும் பஸ்ஸுக்கடியில் கட்டையைக் கொடுத்து நெம்பிக்கொண்டிருந்தோம்.

எல்லப்பன் வண்டி அந்த வரிசையின் கடைசியில் வந்து நின்றிருக்கிறது. எங்களுக்குத் தெரியாது. வெகுநேரம் காத்திருந்தாராம். பக்கத்து வண்டிக்காரர் பிற்பாடு சொன்னார்: “பூ விரிஞ்சிடும்னு பொலம்பிக்கினே இருந்தாரு. ‘பள்ளம் பனமரம் வரைக்கும்தான், மச்சான் சொல்லிகீறாரு. நா அந்தாண்ட சுத்திப் போறேன்’னு சொல்ட்டு எறக்கிட்டாரு.”

கத்தல் கேட்டு நாங்கள் ஏரிக்குள் ஓடினோம். வண்டி குப்புறக் கிடந்தது. ஒரு மாடு கழுத்துக் கயிற்றை அறுத்துக்கொண்டு தள்ளி நின்று நடுங்கியது. இன்னொரு மாடு நுகத்தடியோடு பள்ளத்துக்குள் கிடந்து காலை உதைத்தது. கூடைகள் கவிழ்ந்து தண்ணீர்மேல் மொக்கு மிதந்தது. எல்லப்பன் எங்கே என்று தெரியவில்லை. பாளையம் ஒருவருக்குத்தான் தெரிந்தது. உடனே வண்டிக்கடியில் முங்கினார்.

நாங்கள் எல்லாரும் தோள் கொடுத்து வண்டியைத் தூக்கினோம். வண்டியின் ஏர்க்கால் எல்லப்பனின் முதுகை அழுத்தி, அவரைப் பள்ளத்துச் சேற்றோடு வைத்திருந்தது. பள்ளத்துக்கு வெளியே தண்ணீர் முழங்கால் அளவுதான்.

கன்னியம்மாள் வந்தபோது உடலைக் கரையில் கிடத்தியிருந்தோம். அவள் அழவில்லை. அண்ணனைப் பார்த்து, “பள்ளம் பனமரத்தோட முடியுதுன்னு நீதான சொன்ன அண்ணே?” என்று கேட்டாள்.

வேறு யாராவதாக இருந்தால் ஏதாவது சொல்லி மழுப்பியிருப்பார்கள். பாளையம், “அப்பால நீட்னேன்மா” என்றார்.

“நீயா?”

“நான்தான்.”

அவள் அவரிடம் பேசிய கடைசிப் பேச்சு அது.

4. விசாரணை

போலீஸ் வந்தது. ஏரிக்குள் பள்ளம் இருப்பதே தனக்குத் தெரியாது, குடியானவர்கள் யாராவது வாய்க்காலுக்கு வெட்டியிருப்பார்கள் என்று சுந்தரமூர்த்தி சொல்லிவிட்டார். கூட வெட்டிய இரண்டு பேரும் ஊரைவிட்டுப் போய்விட்டார்கள். பாளையம், “நான்தான் வெட்னேன், மொதலாளி சொல்லி வெட்னேன்” என்று கேட்டவர்களுக்கெல்லாம் அதையே சொன்னார். முதல் பாதியை எழுதிக்கொண்டார்கள்.

நான் சாட்சி சொல்லப் போகிறேன் என்று தெரிந்ததும் சுந்தரமூர்த்தி என்னை வேலையை விட்டு நிறுத்தினார். அது கோபத்தில் செய்தது என்று நினைத்தேன். கோர்ட்டில் ஏறிய பிறகுதான் அதன் காரணம் புரிந்தது.

அவருடைய வக்கீல் கேட்டார்: “இப்போது எங்கே வேலை செய்கிறீர்?”

“வேலை இல்லை.”

“யார் நீக்கியது?”

“சுந்தரமூர்த்திதான்.”

“அப்படியானால் அவர்மேல் உமக்கு மனஸ்தாபம் இருக்கிறது.”

நான் என் காதால் கேட்டதைச் சொன்னேன். ஏரியில் அவர் நின்ற இடத்தைச் சொன்னேன், முள்ளைப் பிடுங்கச் சொன்னதையும் சொன்னேன். மாஜிஸ்திரேட் பொறுமையாகத்தான் கேட்டார். “உத்தரவு எழுத்தில் இருக்கிறதா?” என்றார். இல்லை என்றேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

சுந்தரமூர்த்தி வெளியே வந்து ஜட்காவில் ஏறிப் போனார். பாளையத்தைச் சிறைக்கு அனுப்பினார்கள். போகும்போது என்னைப் பார்த்து, “உட்டுடு ரைட்டரே. கை என்னுதுதான” என்றார்.

அவர் வெளியே வருவதற்குள் ராஜதானி முழுக்க டோல்கேட்டே வேண்டாம் என்று சர்க்கார் முடிவு செய்து, அதற்குப் பதிலாக மோட்டார் வண்டிகளுக்கு வரி போட்டது. எங்கள் கேட்டின் மரத்தை யாரோ விறகுக்கு இழுத்துக்கொண்டு போனார்கள். கடனில் சுந்தரமூர்த்தியின் நிலமும் கைமாறியது. அது காதில் விழுந்தபோது எனக்கு ஆறுதலாக இருக்கும் என்று எதிர்பார்த்தேன். இல்லை. கொஞ்ச காலம் பொறுத்திருந்தால், யாருக்கும் தேவைப்படாத பள்ளம் அது.

5. ஜல்லி

நான் போர்டிலேயே ரோடு மேஸ்திரியாக வேலைக்குச் சேர்ந்தேன். கன்னியம்மாளால் தோட்டத்தை வைத்துக்கொள்ள முடியவில்லை. என் செக்‌ஷனில் கல் உடைக்க வந்தாள். ரோட்டோரத்தில் கருங்கல்லைக் கொட்டியிருப்போம். ஆட்கள் உட்கார்ந்து சுத்தியலால் ஜல்லியாக உடைத்துக் குவிப்பார்கள். சாயங்காலம் மரப்பெட்டியில் அளந்து, அளவுக்குத் தகுந்த கூலி.

பாளையத்துக்கு யாரும் வேலை கொடுக்கவில்லை. ஒரு நாள் என் முன்னால் வந்து நின்றார். நான் கன்னியம்மாளிடம் போய்க் கேட்டேன்.

“ரோடு இன்னா எங்கப்பன் ஊட்டுதா? யார் வேணா ஒடைக்கட்டும்” என்றாள்.

அவர் ரோட்டின் எதிர்ப்பக்கத்தில் உட்கார்ந்தார். நடுவில் பஸ்ஸும் லாரியும் போய்க்கொண்டிருக்கும். மத்தியானம் அவள் தண்ணீர் குடிக்கப் போகும் நேரம் பார்த்து, தான் உடைத்த ஜல்லியில் ஒரு கூடையைக் கொண்டுவந்து அவள் குவியலில் கொட்டிவிட்டுப் போவார். அவள் திரும்பி வந்ததும் பார்ப்பாள்.  அவர் உடைத்த ஜல்லி சற்றுப் பெரியதாக இருக்கும். அதைப் பொறுக்கிப் பொறுக்கித் தனியாக ரோட்டோரம் தள்ளுவாள். அந்த நேரத்தில் அவளும் உடைத்திருக்கலாம். இரண்டு பேருடைய அளவும் குறைந்தது. நான் இருவரிடமும் சொல்லிப் பார்த்தேன்.

“ரைட்டரே, அந்தக் கல்ல என் பொட்டில அளந்துடாத” என்றாள் அவள்.

பாளையம், “அவ தள்ளட்டும். நா போடறத போடறேன்” என்றார்.

வருஷக்கணக்கில் இப்படி நடந்தது. ஒரு மழைக்காலத்தில் பாளையம் காய்ச்சலில் படுத்தார். எதிர்ப்பக்கம் காலியாக இருந்தது. கன்னியம்மாள் உடைத்துக்கொண்டேயிருந்தாள். ஒரு நாள் தலை நிமிராமல், “அது எங்க காணும்?” என்று கேட்டாள். காய்ச்சல் என்றேன். போய்ப் பார் என்றும் சொன்னேன். சுத்தியல் நிற்கவில்லை. அந்த வாரமே பாளையம் போய்விட்டார். அடக்கத்துக்கு அவள் வரவில்லை.

ரோலர் வந்து அந்த இடத்தில் ரோடு போட்ட அன்று, அவள் தள்ளிவைத்திருந்த ஜல்லியை வார ஆள் அனுப்பினேன். அவனை விலக்கிவிட்டு அவளே கூடையில் வாரி ரோட்டில் பரப்பினாள். ஒரு கல் மிச்சமில்லாமல் பரப்பிவிட்டு, ரோலர் அதன்மேல் ஏறி இறங்கும்வரை நின்றாள். அவள் மனதில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது. அடுத்த நாளிலிருந்து அவள் வேலைக்கு வரவில்லை. பிறகு நான் அவளைப் பார்க்கவும் இல்லை.

இதைப் படிக்கும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்லவேண்டும். மேலே இருப்பவர் வாயால் ஒரு காரியம் சொன்னால் எழுதிக் கேளுங்கள். எழுதாத உத்தரவுக்குக் கடப்பாரை பிடித்தவன்தான் பதில் சொல்வான். நான் என் சர்வீஸ் முழுக்க இதைச் சொல்லிவந்தேன். ஆனால் பாளையமும் எழுதித்தான் கேட்டார். கேட்டு வாங்கக்கூடிய இடத்தில் இருப்பவனிடம் யாரும் கடப்பாரையைக் கொடுப்பதில்லை. இதற்கு என்ன வழி என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.