அசன் முகைதீன் சொல்லும் வானிலை

பழவேற்காட்டில் மழையும் வெயிலும் அசன் முகைதீனிடம் அனுமதி கேட்டு வருவதில்லை. ஆனாலும் வெளியூர்க்காரர்கள் அவரிடம்தான் விசாரிக்கிறார்கள். பஸ் நிற்கிற இடத்துக்குப் பக்கத்தில் ஐந்து அறை லாட்ஜ் நடத்துகிறார். போன் அடித்தால் அவர் வாயில் முதலில் வருவது, "கிளைமேட் சூப்பரா கீது, கெளம்பி வாங்க."

சித்திரையில் கேட்டால், "கடல் காத்து சார், ஏசியே தேவல்ல" என்பார். அவர் லாட்ஜில் ஏசி கிடையாது. ஆடியில் மணலை வாரிக் கண்ணில் இறைக்கும் காற்றுக்கு அவர் வைத்த பெயர் தென்றல். ஐப்பசி அடைமழை, "லேசா தூறல், ஊட்டி மாதிரி." தையும் மாசியும்தான் உண்மையிலேயே நல்ல மாதங்கள். ஏரியில் பூநாரைகள் நிற்கும், வெயில் சுடாது. அந்த இரண்டு மாதமும் பொய்க்கு வேலையில்லாமல் மனிதர் வாடிப்போவார்.

கெட்டவர் இல்லை. வெயிலில் மயங்கி விழும் விருந்தாளிக்கு முதல் ஆளாக மோர் எடுத்துக்கொண்டு ஓடுவார். அடுத்து எனக்குப் போன் செய்வார். நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளப் பயிற்சி எடுத்தவள் நான். கோடையில் எனக்கு வருகிற வேலையில் பாதி அவர் வாயால் வருவது.

போன ஐப்பசியில் அவர் மகள் முபீனாவைப் பெண் பார்க்க மேல்விஷாரத்திலிருந்து வருவதாக இருந்தது. இதற்கு முன் இரண்டு சம்பந்தம் கூடாமல் போயிருந்தது. மாப்பிள்ளையின் தாயார் சைதா போனில், "அங்க மழையா பாய்? எனக்கு வீசிங் உண்டு" என்று கேட்டிருக்கிறார். இவர் வாய் பழகின பாதையில் போய்விட்டது.

போனை வைத்ததும் மனைவி ரமீஸா தலையில் அடித்துக்கொண்டார். "சம்பந்தி ஊட்டுக்கேவா லாட்ஜ் டயலாக்கு?"

"அவுங்க வர்றதுக்குள்ள மழ வுட்ரும், பேஜார் பண்ணாத."

விடவில்லை. பொன்னேரி சாலையில் வெள்ளம். கார் நடுவில் நின்று, கடைசித் தூரத்தை நனைந்துகொண்டே நடந்து வந்தார்கள். அவர் பேச்சை நம்பி சைதா இன்ஹேலரை வீட்டிலேயே விட்டிருந்தார். நான் போனபோது அந்த அம்மாளுக்கு மூச்சு விசில் அடித்துக்கொண்டிருந்தது. நிமிர்த்தி உட்கார வைத்தேன். ஈர உடையை மாற்றினேன். அவருடைய டாக்டரைப் போனில் பிடித்து மருந்தின் பெயரைக் கேட்டு, அசன் முகைதீனையே முழங்கால் தண்ணீரில் மருந்துக் கடைக்குத் துரத்தினேன். அரை மணியில் மூச்சு அடங்கியது.

"இதான் உங்க சூப்பரா, பாய்?" என்றார் சைதா.

"இதோ வெளுத்துக்கினு வருது, பாருங்க சம்பந்தியம்மா."

அந்த நேரத்தில் எதிர்க்கடைக் கூரையின் தகரம் ஒன்று பறந்து தெருவில் விழுந்தது.

சைதா மகன் பக்கம் திரும்பினார். "மழையையே மறைக்கிறவரு பொண்ணப் பத்தி என்னத்த மறைச்சாரோ. கெளம்புடா."

ரமீஸாவின் முகம் செத்துவிட்டது. வெந்நீர் கொண்டுவந்த முபீனா டம்ளரை வைத்துவிட்டு சைதாவிடம் சொன்னாள்.

"இப்போ கெளம்பாதீங்க. நாளைக்கும் மழதான், நாளன்னிக்கும் மழதான். ரோட்டுத் தண்ணி வடிய மூணு நாள் ஆவும். வடிஞ்சா கொசு வரும். எங்க அத்தா பேச்சக் கேட்டு வந்தவங்க யாரும் காஞ்ச துணியோட ஊருக்குப் போனதில்ல."

"வெயில் காலத்துலயுமா?"

"அப்போ வேர்வ."

சைதா சிரித்தார், உடனே இருமினார். சிரிக்க வைக்காதே என்று முபீனாவை அதட்டினேன்.

"உங்கிட்ட என்ன குறை? அதையும் நீயே சொல்லிடு" என்றார் சைதா.

"சமையல் சுமாருங்க. கோவம் வரும். இந்த ஊட்டுல தெனம் போன் அடிக்குது, வராம இன்னா பண்ணும்?"

மாப்பிள்ளை அப்போதுதான் முதல்முறையாக நன்றாக நிமிர்ந்து பார்த்தான்.

மூன்று நாள் தங்கினார்கள். எல்லாம் அவள் சொன்னபடியே நடந்தது, கொசு உட்பட. நிக்காஹ் தேதி பேசியபோது அசன் முகைதீன், "சித்திரையில வைங்க, கடல் காத்து…" என்று ஆரம்பித்தார். சைதா அவரைத் தாண்டி முபீனாவைப் பார்த்தார்.

"தை கடைசி" என்றாள் அவள்.

தை கடைசியிலேயே நடந்தது. வெயில் சுடவில்லை, மேகம் இல்லை, பூநாரைகள் கூட்டமாக நின்றன. முன்கூட்டியே போன் செய்து கேட்ட விருந்தினர்கள் அத்தனை பேரிடமும் அசன் முகைதீன் உள்ளதைத்தான் சொன்னார். ஆளுக்கொரு குடையோடு வந்து இறங்கினார்கள்.