விலைக்கு வாங்கிய சடை

என் சடை சென்னையில் ஒரு பார்லரில் போட்டது. ஒரு பகல் முழுக்க உட்காரவைத்து, கொக்கி ஊசியால் முடியைச் சிக்கலாக்கி, சாமியார் சடைபோல முறுக்கிவிட்டார்கள். ஊரில் சிக்கெடுக்கச் சீப்பு வாங்குவார்கள். நான் காசு கொடுத்துச் சிக்கு வாங்கி வந்தேன்.

எல்லாம் ரெகே பாட்டுக்காக. வாரம் முழுக்க ஐ.டி. வேலை, சனிக்கிழமை கடற்கரைச் சாலையில் ஒரு காபிக் கடையில் பாட்டு. ஜமைக்காவில் கரும்புத் தோட்டங்களில் அடிமைகளாய்ச் சவுக்கடி பட்டவர்களின் வம்சத்தில் வந்தவர்கள் உண்டாக்கிய இசை அது. பசியைப் பாடும் அதே மூச்சில், கடவுள் கைவிடமாட்டார், ஒருநாள் வீடு போய்ச் சேருவோம் என்றும் பாடுவார்கள். கேட்டுவிட்டு நிஜமாகவே அழுதிருக்கிறேன். நானும் எங்கள் துன்பம் தீரும் என்று தமிழில் எழுதிக் கண்ணை மூடிக்கொண்டு பாடினேன். எங்கள் துன்பமாம்! எங்கள் ஊர் ஓரிக்கையில் பாலாற்றை ஒட்டி நிலமும் மாடி வீடும் இருக்கிறவளுக்கு என்ன துன்பம்? அந்தப் பாடகர்களில் பலர் கடவுளுக்காக முடி வெட்டாமல் சடை வளர்ப்பவர்கள். அவர்களுக்குச் சடை ஒரு விரதம், எனக்கு அலங்காரம். அந்த வித்தியாசம்கூட எனக்கு உறைக்கவில்லை.

போன ஆடியில் ஊருக்குப் போனபோது அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். தெருவில் கதையே வேறு. எங்கள் பக்கம் பெண்ணுக்குச் சடை விழுந்தால் அம்மன் இறங்கிவிட்டாள் என்பார்கள். அதில் யாரும் கத்தரி வைக்கமாட்டார்கள். பூக்காரம்மா காசு வாங்காமல் மல்லி கிள்ளிக் கொடுத்தாள். ஷேர் ஆட்டோவில் ஒதுங்கி இடம் விட்டார்கள். சிரிப்பாக இருந்தது, கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. நான் யாரையும் திருத்தவில்லை.

அன்று சாயங்காலம் ஊருக்கு வெளியே தள்ளி இருக்கும் காலனியிலிருந்து ஒருத்தி குழந்தையைத் தூக்கிக்கொண்டு எங்கள் கேட்டுக்கு வெளியே வந்து நின்றாள். பட்டுக் கடையில் புடவை எடுத்துக் காட்டும் வேலை அவளுக்கு. அவள் அம்மா எங்கள் நிலத்தில் நாற்று நட்டவர். பள்ளியில் எனக்குக் கீழ் வகுப்பில் படித்தவள், எங்கே பார்த்தாலும் அக்கா என்பாள். அன்று அப்படிக் கூப்பிடவில்லை.

"தாயே, நாளைக்கு பாப்பாவுக்கு நெஞ்சுல ஆபரேசன். மெட்ராசுக்கு இட்டுக்கினு போறோம். பொழைக்கும்னு டாக்டருங்க உறுதியா சொல்ல மாட்டேன்றாங்கோ. நீ தலைல கை வச்சி துன்னூறு இட்டு அனுப்பும்மா."

"அய்யோ, இது பார்லர்ல போட்டதுடி. சாமியும் இல்ல, ஒண்ணும் இல்ல."

"எங்க போட்டா இன்னா? யாரு தலைல வந்து உக்காரணும்னு அவளுக்குத் தெரியாதா?"

குழந்தையின் உதடு நீலம் பூத்திருந்தது. அதற்குமேல் என்ன வாதாடுவது? உள்ளே போய்ச் சாமி படத்தடியில் இருந்த திருநீற்றுக் கிண்ணத்தை எடுத்து வந்தேன். ஒரு சிட்டிகை எடுத்துக் கையை நீட்டினேன். குழந்தையின் நெற்றிக்கு ஒரு சாண் மேலே கை நின்றுவிட்டது.

பொய்யாக ஆசி கொடுக்கிறோமே என்ற உறுத்தல்தான் என்று முதலில் என்னையே ஏமாற்றப் பார்த்தேன். அது இல்லை. காலனிப் பிள்ளை எதையும் நான் அதுவரை தொட்டதே கிடையாது. எங்கள் வீட்டில் யாரும் தொட்டதில்லை. தொடாதே என்று எனக்கு யாரும் சொல்லித்தந்த ஞாபகமும் இல்லை. கைக்கு அதுவாகவே தெரிந்திருந்தது.

அவள் என் கையைப் பார்த்தாள். முகம் சுளிக்கவில்லை. குழந்தையை இன்னும் கொஞ்சம் தாழ்த்திப் பிடித்தாள்.

"தொட வேணாம்மா. மேல இருந்தே தூவிடு, போதும். எங்களுக்குப் பழக்கம்தான்."

வெட்கத்தில் காதெல்லாம் எரிந்தது. அப்போதாவது தொட்டிருக்கலாம். தூவினேன்.

குழந்தை பிழைத்துக்கொண்டாள். இப்போது தெருவெல்லாம் ஓடுகிறாள். கடைத்தெருவில் என்னைப் பார்த்தால் போதும், அவள் அம்மா எல்லார் முன்னாலும் கும்பிட்டுச் சொல்கிறாள்: "இவங்க கை பட்டுதான் என் புள்ள பொழைச்சிச்சி."

நான் தொடவே இல்லை என்று சொல்ல எனக்கு இன்றுவரை வாய் வரவில்லை.