லூர்துராணி தூங்கிய மதியம்

கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றுகொண்டு லூர்துராணி தன் போர்டிங் பாஸை இன்னொரு தடவை பார்த்தார். திருச்சி ஏர்போர்ட்டில் சோதனையெல்லாம் முடிந்த பிறகு யாரோ கைகாட்டி இந்தப் பக்கம் அனுப்பியிருந்தார்கள். உள்ளே மங்கலான விளக்குகளும் தடித்த கம்பளமும் தெரிந்தன. பெரிய மனிதர் வீட்டு விசேஷத்துக்கு அழைப்பில்லாமல் வந்து நிற்பதுபோல் கூச்சமாக இருந்தது.

"நான் வெளியிலயே உக்காந்துக்குறேன்ம்மா. பரவால்ல" என்றார், மேஜைக்குப் பின்னாலிருந்த பெண்ணிடம்.

அவள் சட்டையில் ஜெஸிமா என்று பெயர் குத்தியிருந்தது. பாஸை வாங்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். "முன்னாடி பெரிய சீட்டு உங்களுக்கு. அந்த டிக்கெட்டுக்கு இந்த லவுஞ்சும் சேர்த்திதான். உள்ள வாங்க."

"என் மக போட்டது. தெரியாம போட்டிருப்பா."

"தெரிஞ்சேதான் போட்டிருக்காங்க. வாங்கம்மா."

கதவு மூடியதும் வெளியுலகத்தின் சத்தம் அப்படியே அறுந்துபோனது. கம்பளத்தில் தன் செருப்புச் சத்தம்கூட லூர்துராணிக்குக் கேட்கவில்லை. தண்ணீருக்குள் நடப்பதுபோல் நடந்துபோய், ஜன்னலோர நாற்காலி ஒன்றில் நுனியில் உட்கார்ந்தார். எந்த நேரமும் எழுந்து ஓடத் தோதாக நுனியில் உட்காருவது அவருடைய பழக்கம்.

பொன்மலை ரயில்வே குடியிருப்பில் பிறந்தவர் அவர். பணிமனைச் சங்கு ஊதினால் எழுந்து, சங்கு ஊதினால் சாப்பிட்டு வளர்ந்தவர். பிறகு தில்லை நகரில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை. சங்கு போய், கட்டிலோரத்து மணி வந்தது. தலைமுடி நரைக்கும்வரை அந்த மணிக்கு ஓடினார். வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும், கணவர் சவரிமுத்து ஆசைப்பட்டார் என்று கொள்ளிடக் காற்று வரும்படியாக ஸ்ரீரங்கத்தில் ஒரு வீடு பார்த்துக் குடிபோனார்கள். காற்று வந்தது. பின்னாலேயே சவரிமுத்துவுக்குப் பக்கவாதமும் வந்தது.

பேச்சுப் போய்விட்ட மனிதர், ஏதாவது வேண்டுமென்றால் மோதிர விரலால் இரும்புக் கட்டிலின் சட்டத்தில் தட்டுவார். டக், டக். பக்கத்தில் பாய் போட்டுப் படுத்திருக்கும் லூர்துராணி இரண்டாவது தட்டுக்குள் எழுந்துவிடுவார். வருஷக்கணக்கில் அப்படித்தான். போன ஐப்பசி மழையில் சவரிமுத்து போய்ச் சேர்ந்தார். கட்டிலைக் கழற்றி மாடிப்படிக்குக் கீழே சாய்த்து வைத்தாயிற்று. ஆனாலும் அந்தச் சத்தம் கேட்டு இவர் எழுந்து உட்காருவது நிற்கவில்லை. எழுந்தபின் செய்வதற்கு ஒன்றும் இருக்காது. கொல்லைக் கதவைத் திறந்து, விடிகிறதா என்று பார்த்துக்கொண்டு நிற்பார்.

இப்போது மகள் அடைக்கலமேரிக்குக் கோலாலம்பூரில் பிரசவம். மறுபடி ஒரு கட்டிலோரம், மறுபடி கண்விழிப்பு என்றுதான் நினைத்துக் கிளம்பியிருந்தார். அதில் வருத்தமொன்றும் இல்லை. வேறு மாதிரி இருக்கத் தெரியாது, அவ்வளவுதான்.

இரண்டு இட்லியும் கொஞ்சம் கேசரியும் சாப்பிட்டுவிட்டுத் தட்டோடு எழுந்து குழாயைத் தேடினார். பரிமாறிக்கொண்டிருந்த பெண் ஓடிவந்து தட்டை வாங்கிக்கொண்டாள். "கழுவ வேணாம்மா, இங்க குடுங்க. நீங்க போய் சாஞ்சு உக்காருங்க. காபி எடுத்துட்டு வரேன்."

நாற்காலியில் அவர் முதுகு சாய்ந்ததும் அதன் கால்பலகை தானாக மேலே எழும்பியது. பயந்து பிடியை இறுக்கிக்கொண்டார். பிறகு மெல்லக் கையைத் தளர்த்தினார். கண்ணாடிக்கு அப்பால் வெயிலில் ஓடுபாதை நீர்போல் நெளிந்தது. ஒரு விமானம் சத்தமே இல்லாமல் ஊர்ந்து போனது. ஓரத்தில் ஒரு குன்று மங்கலாகத் தெரிந்தது. பொன்மலையாக இருக்கலாம். யாரையும் கேட்டுத் தெரிந்துகொள்ளத் தோன்றவில்லை.

எதிர் நாற்காலியில், நெற்றியில் திருமண்ணோடு ஒரு பெரியவர் தன் மகளுடன் உட்கார்ந்திருந்தார்.

"எந்த ஊருக்குப் போறேள்?" என்று கேட்டார்.

"கோலாலம்பூருங்க. மக இருக்கா. வீடு ஸ்ரீரங்கம்."

"அப்படியா! நாங்களும் ஸ்ரீரங்கம்தான். வடக்குச் சித்திரை வீதி. இங்க வந்து பார்த்துக்கணும்னு பெருமாள் சங்கல்பம் போலிருக்கு." சொல்லிவிட்டு அவர் தண்ணீர் டம்ளரை எடுத்தார். ஒரு வாய் குடித்தார். டம்ளர் நழுவி விழுந்தது. தண்ணீர் வேஷ்டியில் பரவ, புரையேறி இருமத் தொடங்கினார்.

லூர்துராணியின் கால்கள் தரையைத் தொட்டுவிட்டன. பாதி எழுந்தும்விட்டார். ஆனால் அதற்குள் மகள் அவர் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள். பரிமாறுகிற பெண் துண்டோடு வந்துவிட்டாள். ஜெஸிமா வேறு டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்தாள். இருமல் அடங்கியது. "ஒண்ணுமில்லை, ஒண்ணுமில்லை" என்று பெரியவர் எல்லோரையும் பார்த்துச் சிரித்தார்.

பாதி எழுந்த நிலையில் நின்ற லூர்துராணிக்கு வினோதமாக இருந்தது. ஒருவர் இருமினார், இவர் போகவில்லை. அப்படியும் எல்லாம் சரியாகிவிட்டது. மெதுவாகப் பழையபடி சாய்ந்துகொண்டார். காபி நெஞ்சுக்குள் சூடாக இறங்கியது.

எப்போது கண் மூடினார் என்று அவருக்கே தெரியாது. கனவில் தில்லை நகர் ஆஸ்பத்திரியின் நீளமான வார்டு வந்தது. நல்ல பகல். ஜன்னலெல்லாம் திறந்து கிடக்கிறது. கட்டில்களில் ஒருவரும் இல்லை. சலவை விரிப்புகள் சுருக்கமில்லாமல் விரிந்திருக்கின்றன. கொள்ளிடக் காற்று எப்படியோ அங்கே வழி கண்டுபிடித்து வந்து, திரைகளை ஊதி ஊதி விடுகிறது. கடைசிக் கட்டிலில் சவரிமுத்து கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருக்கிறார். "எல்லாரும் வீட்டுக்குப் போயிட்டாங்க ராணி" என்கிறார், பக்கவாதத்துக்கு முந்தைய குரலில். "நீ ஏன் நிக்கிற?" இவர் பக்கத்துக் கட்டிலில் படுக்கிறார். விரிப்பில் வெயில் மணம். கண் மூடினால் கண்ணுக்குள்ளும் திரை ஆடுகிறது.

"அம்மா... அம்மா..."

திடுக்கிட்டு எழுந்தார். "யாரு கூப்பிட்டது? யாருக்கு என்ன?"

"யாருக்கும் ஒண்ணுமில்லம்மா." ஜெஸிமா குனிந்து நின்றிருந்தாள். "ஃப்ளைட்டுக்குக் கூப்பிட்டுட்டாங்க. நல்லாத் தூங்கிட்டீங்க. எழுப்பவே மனசு வரல."

மேலே ஒரு போர்வை கழுத்துவரை இழுத்து விடப்பட்டிருந்தது. யார் போர்த்தினார்கள் என்று தெரியவில்லை. அதன் ஓரத்தை லூர்துராணி விரல்களால் தடவிப் பார்த்தார். தனக்கு இன்னொருவர் போர்த்திவிட்டது கடைசியாக எப்போது என்று யோசித்தார். பொன்மலையில், அம்மா இருந்த காலத்தில் இருக்கும்.

பெரியவரும் மகளும் போய்விட்டிருந்தார்கள். "போயிட்டு வரேன்ம்மா" என்று ஜெஸிமாவின் கன்னத்தைத் தொட்டுவிட்டு லூர்துராணி நடந்தார். நடக்கும்போதே மகளுக்குப் போன் போட்டார்.

"என்னம்மா, சாப்டியா?"

"சாப்ட்டேன். அப்புறம்... தூங்கிட்டேன்டி. நடுப்பகல்ல, அத்தனை பேருக்கு நடுவுல, குழந்தை மாதிரி தூங்கிட்டேன்."

மேரி மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்டது.

"என்னடி, வலி எடுக்குதா?"

"இல்லம்மா. அதுக்குத்தான் அந்த டிக்கெட்டே போட்டேன். சொன்னா நீ ஒத்துக்க மாட்டே. இங்க பிள்ளையப் பாத்துக்க ஆள் வச்சிருக்கோம். ராத்திரி அவரு முழிப்பாரு. நீ மடியில வச்சுக் கொஞ்சினாப் போதும்."

"அப்ப நான் எதுக்குடி வரேன்?"

"எனக்கு அம்மா வேணும்மா. நர்ஸ் வேணாம்."

லூர்துராணி கண்ணைத் துடைத்துக்கொண்டு வரிசையில் நின்றார்.

அடுத்த வாரத்தில் ஒரு விடியற்காலையில் பேத்தி பிறந்தாள். இவரை எழுப்பாமலே மேரியை அழைத்துப்போயிருந்த மருமகன் ஆஸ்பத்திரியிலிருந்து போன் செய்தபோது மணி அடித்து ஓய்ந்து, மறுபடி அடித்தும் லூர்துராணிக்குக் கேட்கவில்லை. அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தார். விடிந்து வெகுநேரம் கழித்து எழுந்து, சேதி தெரிந்து, சாவகாசமாகக் குளித்து, தலை சீவிக்கொண்டு, புதுச் சேலையில் பேத்தியைப் பார்க்கப் போனார்.