விரல் வைத்தால் திறக்கும் கதவு

மூத்த மருமகளுக்கு இளையவள் அந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்தே அவள்மேல் ஒரு காய்ச்சல். வாசலுக்குப் புதுப் பூட்டு வந்ததும் அது முற்றிப்போயிற்று.

பூட்டை இளையவளின் புருஷன், அவள் கொழுந்தன்தான் வாங்கி மாட்டினான். சாவி கிடையாது, விரலை வைத்தால் திறக்கும். இளையவளின் விரலைத் தொட்டதுமே ஏற்றுக்கொண்டது. மூத்தவளின் பத்து விரலையும் வேண்டாம் என்றது. வேலை பார்க்கும் பியூட்டி பார்லரில் முடிச்சாயம் கலந்து கலந்து அவள் ரேகைகள் தேய்ந்து வழவழத்திருந்தன.

"விடுங்க அண்ணி, மணி அடிச்சா யாராவது திறக்கப் போறாங்க," என்றான் கொழுந்தன்.

யாராவது என்றால் பெரும்பாலும் இளையவள். வாழ்க்கைப்பட்ட வீட்டு வாசலிலேயே விருந்தாளி மாதிரி நிற்பவளைப் பார்த்து அவள் சிரித்தபடி, "வாங்கக்கா," என்பாள். அந்த 'வாங்க'தான் அடிவயிற்றில் நெருப்பு வைக்கும். ஆள் இல்லாத நேரத்தில் மூத்தவள் எண்ணெய் தடவிக்கூட விரலை வைத்துப் பார்த்தாள். சிவப்பு விளக்குதான் எரிந்தது.

ஒரு சாயங்காலம் அவள் அடுப்படியில் இருந்தபோது கூடத்தில் கொழுந்தனின் குரல் உயர்ந்தது.

"ஆபீஸ் ஆறு மணிக்கே விட்டாச்சு. நீ விரல் வச்சது ஏழரைக்கு. நடுவுல எங்க போன?"

"பார்க்குல சும்மா உக்காந்திருந்தேன்."

"யார்கூட? நேத்தும் இதே கதைதான். எல்லாம் என் போன்ல வருது."

கதவைத் தொடும் விரலெல்லாம் பெயரோடும் நேரத்தோடும் அவனுக்குப் போய்ச் சேருகிறது என்பது மூத்தவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. பொய் சொல்வானேன், முதலில் உள்ளூரக் குளிர்ந்தது. நல்லா வேணும் என்றுகூட நினைத்தாள்.

கண் சிவந்து உள்ளே வந்த இளையவள், "உங்களப் பார்த்தா எனக்கு வயிறு எரியுதுக்கா," என்றாள். "நீங்க எப்ப வந்தீங்க, எங்க போனீங்கன்னு ஒருத்தரும் கேக்கறதில்ல."

தன்மேல் ஒருத்தி பொறாமைப்படுவாள் என்று மூத்தவள் கனவிலும் நினைத்ததில்லை. போன வாரம் அவள் பார்லரிலிருந்து நேரே சினிமாவுக்குப் போய்விட்டுத்தான் வந்திருந்தாள்.

சில நாள் கழித்துக் கொழுந்தன் ஓர் அட்டையை நீட்டினான்.

"அண்ணி, இதக் காட்டினாலே திறக்கும். இனிமே நீங்க வாசல்ல நிக்க வேணாம்."

மாசக்கணக்கில் ஏங்கியது. கை நீளத்தான் பார்த்தது.

"வேணாம்பா. எங்கயாவது தொலைச்சிடுவேன்."

பிறகு இளையவளைத் தனியாகப் பிடித்து, "நாளைக்கு ஆபீஸ் விட்டதும் பார்க்குலயே இரு, நானும் வந்துடறேன். சேர்ந்தே மணி அடிப்போம்," என்றாள்.

மறுநாள் மாமியார் முனகிக்கொண்டே வந்து கதவைத் திறந்தார். கொழுந்தன் வாயெடுப்பதற்குள், "என்கூடத்தான் வந்தா," என்று மூத்தவள் முந்திக்கொண்டாள்.

ஆனால் அந்தப் பூங்காவில், குளத்தோரம் காற்றாட உட்கார அவ்வளவு நல்ல இடம் இருந்தது. இத்தனை நாளும் இளையவள் இதைத் தனியாகவே அனுபவித்திருக்கிறாளே என்று மூத்தவளுக்கு மறுபடியும் கொஞ்சம் எரிந்தது.