நர்ஸுகளுக்கு ‘ரன்’ சொல்லிக்கொடுத்த கதை

வெளிநாடு போகிற நர்ஸுகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுப்பது, நீச்சல் தெரிந்தவர்களுக்குத் தண்ணீரின் பெயரைச் சொல்லிக்கொடுப்பதுபோல. கைக்குழந்தையை வீட்டில் விட்டுவிட்டு வேலைக்குப் போய், போன் அதிரும்போதெல்லாம் வீட்டு நம்பரா என்று பார்க்கிறவர்களே, உங்களுக்காகத்தான் மகள் தூங்கியபின் இதை எழுதுகிறேன்.

ஓட்டமோ ஓட்டம்

கரமனையில் ஒரு மாடியறை. என் முதல் பேட்ச், பாதிப்பேர் என்னைவிட மூத்தவர்கள். அவர்கள் முகத்தைப் பார்க்காமலே போர்டில் ‘ரன்’ என்று எழுதினேன். மூக்கு ஒழுகினாலும் ரன், காய்ச்சல் அடித்தாலும் ரன், மருந்து தீர்ந்தாலும் ரன், வார்டை நடத்தினாலும் ரன் என்று அடுக்கினேன். பாறசாலை ஷீபாக்கா ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். பேச்சுத் தேர்வில் ஏற்கெனவே இருமுறை தோற்றவர். இந்த முறையும் போனால், அயர்லாந்து ஆஸ்பத்திரி ஒன்று அவருக்காக வைத்திருக்கும் வேலையும் போய்விடும்.

“எல்லாம் புரிஞ்சுதா அக்கா?” என்றேன்.

“ஒண்ணும் புரியல டீச்சரே, நீங்க பயந்து பேடிச்சு நிக்கிறதைக் கண்டு, பாவம்னு தலையாட்டினேன்.”

நடிக்கத் தெரியாதவர்கள்

பேச்சுத் தேர்வே நோயாளியும் நர்ஸுமாக நடிப்பதுதான்; நடித்துப் பழகினால்தான் வாய் திறக்கும். நோயாளியாக உட்கார்ந்த இன்னொரு மாணவி லதா, ‘ஐ ஆம் ரன்னிங் எ டெம்பரேச்சர்’ என்றாள். கேள்வி கேட்கவேண்டிய ஷீபாக்கா அவள் நெற்றியில் கை வைத்தார். கழுத்தைத் தொட்டார். பையிலிருந்து தெர்மாமீட்டரே வந்துவிட்டது. “அக்கா, இங்கிலீஷ், இங்கிலீஷ்!” என்று கத்தினேன். அவர் திரும்பக்கூட இல்லை.

“இங்கிலீஷ் அவிடெ இருக்கட்டும் டீச்சரே, இவளுக்கு நெசமாவே காய்ச்சல்!”

டாக்டர் முன்னால்

அந்த வாரமே என் மகளுக்கும் காய்ச்சல். டாக்டர் பார்த்துவிட்டு, ‘இட் வில் ரன் இட்ஸ் கோர்ஸ்’ என்றார். தானாக வந்தது தானாகப் போகும் என்று அர்த்தம். கான்வென்டில் பரிசு வாங்கியவளுக்கு இதுகூடவா தெரியாது? தலையாட்டிவிட்டு வாசல்வரை வந்தேன். ஆனால் எத்தனை நாள், எதைக் கண்டால் தூக்கிக்கொண்டு ஓடிவரவேண்டும், ஒன்றும் தெரியவில்லை. அடுத்த டோக்கன் உள்ளே போவதற்குள் திரும்பிப் போய் எல்லாவற்றையும் கேட்டேன். அவர் பொறுமையாகச் சொல்லிவிட்டுச் சிரித்தார்.

“கேட்டது நல்லதாச்சு, தலையாட்டிட்டுப் போற அம்மாமார்தான் பாதிராத்திரி போன் பண்றாங்க.”

புதுச் சட்டம்

மறுநாள் போர்டிலிருந்த பட்டியலை அழித்தேன். இனி என் வகுப்பில் யாரும் தலையாட்டக்கூடாது. புரியாவிட்டால் நோயாளியிடமே கேட்கவேண்டும். ஷீபாக்கா பெரும்பாடு பட்டார். வார்டில் டாக்டர் எதைச் சொன்னாலும் ஆடிப் பழகிய கழுத்தாயிற்றே! அது ஆடும்போதெல்லாம் நான் மேஜையைத் தட்டினேன். சென்டர் நடத்தும் சார் கதவோரம் நின்று பார்த்தார்.

“டீச்சர், இது இங்கிலீஷ் கிளாஸா, டான்ஸ் கிளாஸா?”

ரிசல்ட்

தேர்வில் நோயாளியாக நடித்தவர், ‘ஐ ஃபீல் ரன் டவுன்’ என்றாராம். நான் சொல்லியே கொடுக்காதது. ஷீபாக்காவுக்குத் தலை ஆடத் தொடங்கியதாம், பிடித்து நிறுத்தினாராம். ‘எனக்குச் சரியாகப் புரியவேண்டும், கொஞ்சம் விளக்கிச் சொல்லுங்கள்’ என்று ஆங்கிலத்தில் கேட்டாராம். உடம்பு அசந்துபோகிறது என்று அந்த நோயாளி சொல்ல, தூக்கம், சாப்பாடு, வீட்டுக் கவலை என்று அக்கா விசாரித்துக்கொண்டே போக, நேரம் முடிந்துவிட்டதாம். ரிசல்ட் வந்த அன்று லட்டு டப்பாவோடு படியேறி வந்தார்.

“பாஸு டீச்சரே! இனி டாக்டர்மாருக்குத்தான் கஷ்டம், நான் எல்லாத்தையும் கேப்பேன்.”

‘ரன்’னுக்கு மொத்தம் எத்தனை அர்த்தம் என்று இன்னும் எனக்குத் தெரியாது; ஆனால் என் மாணவி அயர்லாந்தில் நர்ஸ் என்பதை, பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் கேட்காமலே சொல்லிவிடுகிறேன்.