ரஞ்சி அக்காவின் கொடி

செய்தி வந்தபோது நான் வேலணை வாசிகசாலை மண்டபத்தில் ஒரு மேசைமேல் ஏறி நின்று, ஆணியில் அடிப்பதாக நினைத்து என் பெருவிரலில் அடித்துக்கொண்டிருந்தேன். கீழே நின்ற நெடுந்தீவு மெற்றில்டா கைபேசியைக் காதிலிருந்து எடுத்தாள்.

"ரஞ்சி அக்கா எங்களை விட்டிட்டுப் போட்டாவாம். விடியப்புறம், ஆஸ்பத்திரியிலை."

எனக்கு முதலில் வந்தது அழுகை அல்ல, பயம். இனி இந்தக் கண்காட்சி என்ன ஆகும், ஊர் என்ன சொல்லும், யார் வந்து எதைக் கழற்றச் சொல்வார்கள் என்றெல்லாம் ஓடிய பிறகுதான் கண்ணீர் வந்தது. என் மனம் அப்படிப்பட்டது. பத்திரிகையில் பகிடி எழுதுகிறவளை ஊர் துணிச்சல்காரி என்று நினைக்கிறது. எனக்கு நாய் குரைத்தாலும் பயம், குரைக்காவிட்டாலும் பயம்.

புளியங்கூடல் ரஞ்சி அக்காவை அறிந்த உங்களுக்கு அந்தக் கஞ்சி போட்ட பருத்திச் சேலை நினைவிருக்கும். தீவுப் பேருந்தின் நெரிசலில் ஏறி இறங்கினாலும் அதன் மடிப்புக் கலையாது. சித்திரம் படிப்பித்து ஓய்வு பெற்றவர். கல்யாணம் செய்யவில்லை. தமையன் சிவபாதம் அண்ணையின் குடும்பத்தோடு பிறந்த வீட்டிலேயே வாழ்ந்தார். இப்படிப்பட்டவர் ஓய்வு பெற்றபின் சும்மா இருந்து தேவாரம் பாடுவார் என்று எதிர்பார்த்தோம். அவரோ பெண்ணாய் இருப்பது, ஆணாய் இருப்பது பற்றி ஒரு கூட்டுக் கண்காட்சி வைக்கப் போவதாகச் சொல்லி எங்கள் நித்திரையைக் கெடுத்தார்.

ஆட்களும் சேர்ந்தார்கள். மெற்றில்டா மீன் வெட்டும் பெண்களின் கைகளைப் படம் பிடித்தாள். காரைநகரிலிருந்து ஓர் ஆண், அழுகிற ஆண்களின் முகங்களை வரைந்தார். வரையச் சம்மதித்தவர்கள் எல்லோரும் பிறகு ஒவ்வொருவராக வந்து, "மூக்கை மாத்தி விடும், வீட்டுக்காரி கண்டுபிடிச்சுப்போடுவா" என்று கெஞ்சினார்களாம். எனக்கு வரையவும் தெரியாது, படம் பிடிக்கவும் தெரியாது. ஆணி அடிக்கத்தான் சேர்த்திருந்தார்கள். அதன் விளைவைச் சொல்லிவிட்டேன்.

அக்காவின் ஆக்கம் எது என்று கேட்டபோது என்னைத் தன் வீட்டுப் பின்வளவுக்குக் கூட்டிப் போனார். கொடியில் உடம்பு துடைக்கும் துவாய் ஒன்று காய்ந்துகொண்டிருந்தது. அதன் ஓரத்தைத் தூக்கினார். கீழே ஈரம் போகாத ஓர் உள்பாவாடை.

"பாரும். எங்கடை பொம்பிளையளின்ரை உடுப்பிலை வெயில் படுறதில்லை. துவாய்க்குக் கீழை பயந்து பயந்து காயுது."

"அதுக்கு என்ன செய்யலாம் அக்கா?"

"மண்டபத்துக்கு நடுவிலை ஒரு கொடி கட்டுவம். ஊர்ப் பொம்பிளையள் வீட்டிலை உடுத்துறதிலை ஒண்டு ஒண்டு தரட்டும். பேர் போடமாட்டன். மேலை துவாயும் போடமாட்டன்."

"ஊர் கல்லெறியும்."

"உமக்குப் பயமோ?"

"ஓம்."

"பயம் தன்ரை பாட்டுக்கு இருக்கும். நீர் உம்மடை பாவாடையைக் கொண்டுவாரும்."

மறுப்பார்கள் என்றுதான் நினைத்தேன். ஒருத்தியும் மறுக்கவில்லை. ஆனால் எல்லோரும் கொண்டுவந்தவை புதியவை. பெட்டி மடிப்புக் கலையாதவை, லண்டன் மச்சாள் அனுப்பியவை, மகளின் கல்யாணத்துக்கு எடுத்து அலுமாரியில் வைத்தவை. நாலுபேர் பார்க்க வைப்பதென்றால் நல்லதைத்தானே வைக்கவேண்டும்? நானும் குறைந்தவள் இல்லை. கனடாத் தங்கச்சி அனுப்பிய, கீழே கைமுழம் அகலத்துக்கு லேஸ் வைத்த, ஒருநாளும் இடுப்பில் ஏறாத வெள்ளைப் பாவாடையைக் கொடுத்தேன்.

அக்கா கொடியை ஒருமுறை பார்த்தார். "இதென்ன, புடவைக்கடையோ?" என்று கேட்டுவிட்டுக் கதிரையில் இருந்து சிரித்தார். "சரி, இருக்கட்டும். இதுவும் எங்கடை உண்மைதான்."

பிறகு தன்னுடையதை எடுத்து நடுவில் போட்டார். ஒருகாலத்தில் நீலமாய் இருந்திருக்க வேண்டும். விளிம்பில் ஒட்டின்மேல் ஒட்டு. இடுப்பு நாடா அறுந்து, பழைய சேலைக் கரையைக் கிழித்துக் கோர்த்திருந்தார். அந்த மடிப்புக் கலையாத சேலைக்குள் இத்தனை காலமும் இதுவா?

"சேலை ஊருக்கு, பிள்ளையள். இது எனக்கு. எனக்கெண்டு கடைக்குப் போற நாள் வரவேயில்லை," என்றார். வருத்தமாகக்கூடச் சொல்லவில்லை. வீட்டில் எல்லோருக்கும் வருஷப்பிறப்புக்கு உடுப்பு எடுத்துக் கொடுத்த மனுசி.

அந்த ஒன்றால்தான் அது கொடியாக இருந்தது. அதை எடுத்தால் கடைதான். அவருக்கும் அது தெரியும். ஆஸ்பத்திரியில் கடைசியாகப் பார்த்தபோது என் மணிக்கட்டைப் பிடித்தார். "நான் எழும்பி வராட்டிலும் திறவுங்கோ. என்ரையை மட்டும் கழட்ட விட்டிடாதேங்கோ." நான் ஓம் என்றேன். ஆஸ்பத்திரிக் கட்டிலடியில் நின்று வேறென்ன சொல்வது?

செத்தவீட்டுச் சடங்குக்கு முந்தின நாள் பின்னேரம் சிவபாதம் அண்ணை மண்டபத்துக்கு வந்தார். சைக்கிளை நிறுத்தும் சத்தம் கேட்டதுமே நான் மெற்றில்டாவின் பக்கத்தில் போய் நின்றேன். யாரோ போய்ச் சொல்லியிருக்கிறார்கள். எங்கள் ஊரில் இரகசியம் பேருந்துக்கு முன்னம் போய்ச் சேரும்.

"தங்கச்சியின்ரை உடுப்பு உங்கை தொங்குதாம்."

செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார்.

"அவளின்ரை பெட்டிக்குள்ளை வைச்சு அனுப்பிப்போடுறன். அவளின்ரை மானம் அவளோடை போகட்டும். எது அவளின்ரை? எடுத்துத் தாருங்கோ."

மெற்றில்டா என் காலை மிதித்தாள். என்னை விட்டால் காட்டியே கொடுத்திருப்பேன், அத்தனை பயம். ஆனால் அதே பயத்தில் நாக்கும் மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. அண்ணை எங்களைப் பார்த்துப் பார்த்து அலுத்து, தானே கொடிக்குக் கிட்டப் போனார். ஒரு தலையிலிருந்து மறுதலைக்கு நடந்தார். பிறந்ததிலிருந்து ஒரே வீட்டில் வாழ்ந்த தங்கச்சி. ஆனால் அவர் துவாயைத்தான் கண்டிருக்கிறார், அதற்குக் கீழே இருந்ததை ஒருநாளும் கண்டதில்லை. நீலம் வெளுத்த அந்தப் பாவாடையின் முன்னால் ஒரு கணம் நின்றார். பிறகு அதைத் தாண்டிப் போய், லேஸ் வைத்த வெள்ளைப் பாவாடையைத் தொட்டார்.

"இதுதான். அவள் நல்லதுதான் உடுப்பாள்."

அது என்னுடையது. சொல்லியிருக்கலாம். சொன்னால், இது என் உள்பாவாடை என்று ஓர் ஆம்பிளைக்கு முன்னால் வாய்விட்டுச் சொல்லவேண்டும். அடுத்ததாக அக்காவுடையதையும் காட்டவேண்டும். அவர் அந்த லேஸ் பாவாடையைக் குழந்தையைத் தூக்குவதுபோல எடுத்து, பேப்பரில் சுற்றி, சைக்கிளில் கொண்டுபோனார்.

மறுநாள் சவப்பெட்டி மூடுமுன் அதை அக்காவின் காலடியில் வைத்ததைக் கண்டேன். பறைமேளம் முன்னே போக, ஆண்கள் பெட்டியைத் தூக்கினார்கள். பெண்கள் வழக்கம்போல வாசல் படலையோடு நின்றோம். மெற்றில்டா வேதக்காரி; கிறிஸ்தவர்களில் பெண்களும் சவக்காலைக் குழிவரை போகிறவர்கள். என் காதுக்குள் சொன்னாள்: "உம்மடை பாவாடை சுடலைக்குப் போகுது. உமக்குத்தான் போக ஏலாது." அழுதுகொண்டிருந்த எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையால் வாயை மூடிக் குலுங்கினேன். எத்தனை பாசம் என்று பக்கத்தில் நின்றவர்கள் முதுகைத் தடவினார்கள்.

கண்காட்சியைத் திறந்தோம். கல் ஒன்றும் வரவில்லை. பெண்கள் வந்து கொடிக்கு முன்னால் நின்று, சிரித்து, அந்தப் பழைய பாவாடையடிக்கு வந்ததும் சத்தமில்லாமல் போனார்கள். ஒரு கிழவி ஒட்டுப்போட்ட இடத்தை விரலால் தடவிப் பார்த்து, "நல்ல தையல்," என்றாள். நான் மட்டும் ஒவ்வொரு சைக்கிள் சத்தத்துக்கும் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கடைசிநாள் சிவபாதம் அண்ணை வந்தார். சவரம் செய்யாத முகம். அழுகிற ஆண்களின் படங்களுக்கு முன்னால் வெகுநேரம் நின்றார். பிறகு கொடிக்கு வந்தார். நீலப் பாவாடையின் முன்னால் நின்றபோது இந்தமுறை தாண்டிப் போகவில்லை.

"பிள்ளை, இது ஆற்றை உடுப்பு?"

"எங்கடை ஆக்களிலை ஒராளின்ரை, அண்ணை."

"இப்பிடித் தைச்சுத் தைச்சு உடுத்தியிருக்கு, பாவம். புதுசாய் ஒண்டு எடுத்துக் குடுக்க அந்த வீட்டிலை ஒருத்தரும் இல்லையோ?"

நான் கூரையைப் பார்த்தேன். மெற்றில்டா வெளியே போய்விட்டாள்.

அன்று மாலை எல்லோரும் தங்கள் புதுப் பாவாடைகளை மடித்துக் கொண்டுபோனார்கள். அக்காவுடையதைக் கேட்டு வர ஆளில்லை. அதை நான் எடுத்து வந்தேன். அவர் நினைவாக என்னிடம் எஞ்சியிருப்பது அதுதான். கனடாத் தங்கச்சி அனுப்பிய லேஸைப் பற்றிக் கவலை இல்லை.

சிவபாதம் அண்ணை, நீங்கள் ஒவ்வொரு ஞாயிறும் பேப்பரை ஓர் எழுத்து விடாமல் வாசிப்பவர் என்று அக்கா சொல்லியிருக்கிறார். அதனால் இதை எழுதிக் கிழித்து எழுதிக் கிழித்துத்தான் அனுப்புகிறேன். அன்று நீங்கள் கேட்டதற்கு நான் மறுமொழி சொல்லவில்லை. அது உங்கள் வீட்டுப் பாவாடை, அண்ணை. தோய்த்து மடித்து வைத்திருக்கிறேன். எப்பவும் வரலாம். கோபத்தோடு வந்தாலும் பரவாயில்லை, கதவைத் திறப்பேன்.