அண்ணன் நீக்கிய பிளேசர்கள்

தொண்ணூறுகளின் முற்பகுதியில் என் அண்ணன் ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையின் சோதனைக்கூடத்தில் வேலை பார்த்தார். நான் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ஒரு நாளிதழுக்குச் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தேன். அண்ணனுக்குப் பஞ்சுத்தூசி ஆகவில்லை. விடுமுறை முடிந்து வேலைக்குப் போன அன்றே மூச்சு இழுக்கும். மில்லை விட்டுவிடுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். எம்.எஸ்ஸி. இயற்பியல் படித்தவருக்கு ஒரு வழிதான் இருந்தது. பகுதிநேரமாகப் பதிவு செய்திருந்த முனைவர் பட்டத்தை முடித்து, கல்லூரி வேலைக்குப் போவது.

ஆய்வு பிளேசர்களைப் பற்றியது. வெகுதொலைவிலுள்ள ஒரு விண்மீன் மண்டலத்தின் நடுவே இருக்கும் கருந்துளை, நம் பக்கமாகவே பொருளைப் பீய்ச்சி அடித்தால் அது பிளேசர். தொலைநோக்கியில் சாதாரண நட்சத்திரம் போலத் தெரியும். அதனால் அண்ணன் கணக்கெடுப்புகளை ஒப்பிட்டார். எண்பதுகளில் ஒரு செயற்கைக்கோள் வானத்தை அகச்சிவப்புக் கதிரில் அளந்திருந்தது. ரேடியோ தொலைநோக்கிகள் தனியே, வெவ்வேறு ஆண்டுகளில் அளந்திருந்தன. அந்த அட்டவணைகளை மதுரையில் ஜெராக்ஸ் எடுத்துவந்து, இரண்டிலும் ஒரே இடத்தில் இருப்பவற்றை, ஸ்கேலை வைத்து வரிவரியாகத் தேடினார். பொருந்துவது பிளேசராக இருக்கலாம்.

"வானத்துல எம்புட்டு முடிஞ்சிருக்கு?" என்று மதினி அடுப்படியிலிருந்து கேட்பார்.

"செட்டியார்பட்டி வரைக்கும் வந்துட்டேன்," என்பார் அண்ணன், தென்காசி போகிற வழியில் பக்கத்து ஊரைச் சொல்லி.

"அப்ப தென்காசி பஸ்ஸப் புடிச்சாவது சீக்கிரம் முடிங்க. இருமல் தாங்கல."

ஆய்வேட்டின் வரைவை எடுத்துக்கொண்டு மதுரைக்குப் போனபோது நானும் உடன் போனேன். பையைத் தூக்கிக்கொண்டு மாடியேற அவரால் முடியவில்லை. ஓய்வுபெறவிருந்த நெறியாளர் அதுவரை சுருக்கங்களை மட்டுமே பார்த்திருந்தார். நீக்கியவற்றின் பட்டியல் இருந்த கடைசிப் பக்கங்களில் நின்றார்.

"இதெல்லாம் ஏன் நீக்கியிருக்கீங்க?"

"பழைய ரேடியோ அளவும் புது அளவும் ஒத்துவரல சார். ரெண்டு மடங்கு வித்தியாசம். தப்பான அளவுன்னு எடுத்துட்டேன்."

"பிளேசர் வெளிச்சம் கூடும், குறையும். அதானே தம்பி அதோட அடையாளம்? மாறுனதையெல்லாம் தள்ளிட்டு, மாறாததக் கொண்டாந்திருக்கீங்க."

அது அண்ணனுக்குத் தெரியாததல்ல. முதல் அத்தியாயத்தில் அவரே எழுதியிருந்தார். ஆனால் மில்லில் ஒரே கோனில் சுற்றிய நூலை இரண்டு தடவை சோதித்து அளவு ஒத்துவராவிட்டால் அதைத் தள்ளிவைப்பதுதான் முறை. அத்தனை வருடப் பழக்கத்தில் வானத்தையும் அப்படியே சலித்துவிட்டார்.

திருத்த அவகாசம் இல்லை. பதிவுக்காலத்தை ஏற்கெனவே ஒருமுறை நீட்டித்தாகிவிட்டது. "புதுசாப் பதிவு பண்ணுங்க, வேற நெறியாளரப் பாருங்க," என்று சொல்லி அவர் வரைவை மூடினார்.

திரும்பும்போது கிருஷ்ணன்கோவிலில் கல்லூரிப் பஸ்கள் எதிரே வந்தன. "ஏலே, ஒங்க மதினிகிட்ட நீயே சொல்லிரு," என்றார் அண்ணன்.

சொன்னேன். மதினி சோற்றைப் போட்டுக்கொண்டே கேட்டார்.

"அந்தப் பெரிய மனுசன் இத்தன வருசமா என்னத்தப் பாத்தாராம்?"

"அவரக் கொற சொல்லாத. கொழம்ப ஊத்து," என்றார் அண்ணன்.

மறுநாள் காலை ஷிப்டுக்குப் போனார். புதிதாகப் பதிவு செய்யவில்லை. சில ஆண்டுகள் கழித்து, உடல்தகுதி இல்லையென்று மில்லே அவரை அனுப்பிவிட்டது. அதற்குள் அவரால் தெருமுனை வரைகூட நடக்க முடியாமல் போயிருந்தது.